எபிடியூரல் போட்டுக்கொள்ளும் பிரசவத்தில் டூலா உடனிருப்பதால் பயன் உண்டா?

கேள்வி: காவிரிக்கரை, சென்னை

அனைவருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் பிரசவம். இப்போது 34ஆவது வாரம் நடக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வருவதால், தானாக வலி எடுக்காவிட்டால் 39ஆவது வாரத்தில் மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்று எங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படி வரவழைக்கும் வலியைத் தாங்குவது கடினம் என்று பிள்ளை பெற்றவர்கள் பலரும் சொல்லக் கேட்டபின், எபிடியூரல் (முதுகில் ஊசி மூலம் மெல்லிய குழாய் வைத்து, அதன் வழியே மருந்து செலுத்திப் பிரசவ வலியைக் குறைக்கும் முறை) போட்டுக்கொள்வது என்று நானும் கணவரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டோம். அந்த முடிவு சரியா தவறா என்பது இங்கே என் கேள்வி அல்ல. அதைப் பற்றி மருத்துவரிடம் நிறையவே பேசிவிட்டேன்.

என் கேள்வி டூலாவைப் பற்றியது, அதாவது பிரசவத்தின்போது பெண்ணின் உடனிருந்து மனதுக்கும் உடலுக்கும் ஆதரவு தரப் பயிற்சி பெற்ற, மருத்துவரோ செவிலியரோ அல்லாத துணையாளரைப் பற்றியது. பிரசவ வகுப்பில் அறிமுகமான டூலா ஒருவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரசவ அறையில் அவர் உடனிருந்தால் நன்றாக இருக்கும் என்று மனது சொல்கிறது. ஆனால் அம்மாவோ, "ஊசி போட்டு வலி தெரியாமல் படுத்திருக்கப் போகிறவளுக்குத் துணைக்கு இன்னோர் ஆள் எதற்கு? பெற்றவள் நான் இருக்கிறேனே!" என்கிறார். வகுப்பில் உள்ள தோழிகள் இதற்கு நேர்மாறாக, டூலா கிடைத்துவிட்டால் ஊசியே தேவைப்படாது என்று சொல்லி என் முடிவை மாற்றப் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வதைக் கேட்டால் எபிடியூரலும் டூலாவும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று ஆகிறது. அது உண்மைதானா? எபிடியூரல் போட்ட பிறகு டூலா செய்வதற்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது? எங்கள் மருத்துவமனையில் ஒரே ஒருவரைத்தான் உள்ளே அனுமதிப்பார்கள் என்பதால், கணவரை வெளியே நிறுத்திவிட்டு டூலாவை அழைத்துக்கொள்வது நியாயமா என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: நொச்சி, கோயம்புத்தூர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் டூலாவாகப் பணியாற்றுகிறேன். நான் உடனிருந்த பிரசவங்களில் எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களும் உண்டு, போட்டுக்கொள்ளாதவர்களும் உண்டு; இரு சாராரிடமும் எனக்கு வேலை இருந்தது, வேலையின் தன்மைதான் வேறாக இருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எபிடியூரல் பிரசவம் என்றால் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஊசி, பிறகு தூக்கம், பிறகு குழந்தை என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களைப் போல மருந்து வைத்து வலி வரவழைக்கும்போது அப்படி நடப்பதில்லை. ஜெல்லோ மாத்திரையோ வைத்து, அல்லது பலூன் வைத்து, கர்ப்பப்பை வாய் இளகுவதற்கே பல மணி நேரம் ஆகும். முதல் பிரசவத்தில் ஒரு நாளுக்கு மேலும் போகக்கூடும். நம் ஊரில் பல மருத்துவமனைகளில் வாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் எபிடியூரல் போடுகிறார்கள். அதுவரை வருகிற வலி முழுவதும் ஊசி இல்லாத வலிதான். அதன் பிறகும், மயக்க மருந்து நிபுணர் அந்த நேரத்தில் அறுவை அரங்கில் இருந்தால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊசி வரப்போகிறது என்று தெரிந்த பிறகு காத்திருக்கும் அந்த நேரம்தான் பெண்கள் மிகவும் நொறுங்கிப்போகிற நேரம் என்பது நான் கண்டது. இடுப்பை அழுத்திப் பிடிப்பது, மூச்சை எண்ணிக்கொடுப்பது, கட்டிலை விட்டு இறங்கி முன்னால் சாய்ந்து நிற்கவைப்பது ஆகிய டூலாவின் வழக்கமான உதவிகள் எல்லாம் அந்த இடைவெளியில் தேவைப்படுகின்றன.

அடுத்தது ஊசி போடும் நேரம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வில்லாக வளைத்து அசையாமல் இருக்க வேண்டும். நிறைமாத வயிற்றோடு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்துகொண்டிருக்கும்போது அசையாமல் இருப்பது எளிதல்ல. மருத்துவர் அனுமதித்தால் நான் முன்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் இரண்டு தோள்களையும் கீழ்நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டு, "தோளைத் தளர்த்துங்கள், இடுப்பை மட்டும் டாக்டர் பக்கம் தள்ளுங்கள்" என்று காதோடு சொல்லிக்கொண்டிருப்பேன். வலி ஏறத் தொடங்கினால் அந்தப் பெண்ணுக்கு முன்பே எனக்குக் கைகளில் தெரிந்துவிடும். உடனே மருத்துவரிடம் சொல்வேன், அவரும் கையை நிறுத்திக்கொள்வார்.

மருந்து பிடித்த பிறகு முதலில் செய்ய வேண்டியது உறக்கம். அதைக் கெடுக்காமல் அறையின் வெளிச்சத்தையும் பேச்சையும் குறைப்பதும் டூலாவின் வேலைதான். ஆனால் ஒரே பக்கமாகக் கிடந்து உறங்கவிடக் கூடாது. கால்கள் கனத்துப்போயிருப்பதால் தானாகப் புரள முடியாது. அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருமுறை செவிலியருடன் சேர்ந்து இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பிவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவத்தில் உள்ள பீனட் பந்தை வைப்போம். இடுப்பெலும்பின் வழி விரிந்து, குழந்தையின் தலை திரும்பி இறங்க இடம் கிடைப்பதற்காகத்தான் இது. இன்னொன்றும் உண்டு. வலி போனதும் சுற்றியிருப்பவர்களின் கவனமும் அந்தப் பெண்ணைவிட்டுப் போய்விடுகிறது. கணவர் கைபேசியை எடுக்கிறார், எல்லாருடைய கண்ணும் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் சி.டி.ஜி. திரைக்குப் போகிறது. நடுக்கமும் அரிப்பும் வரும்போது இது என்னவோ என்று பயந்து அந்தப் பெண் மட்டும் விழித்துக்கொண்டிருப்பாள்.

ஆய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மெக்ராத், கென்னல் ஆகிய இருவரும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பிரசவத்துக்கு வந்த 420 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு குழுவிலும் எல்லாருடனும் கணவரோ துணைவரோ இருந்தார். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக டூலா. அந்தக் குழுவில் சிசேரியன் 13.4 சதவீதம், டூலா இல்லாத குழுவில் 25 சதவீதம். மருந்து வைத்து வலி வரவழைக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரியது: 12.5 சதவீதம், 58.8 சதவீதம். உங்கள் தோழிகளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டூலா இருந்த குழுவிலும் 64.7 சதவீதம் பேர் எபிடியூரல் போட்டுக்கொண்டார்கள். அதாவது அந்தப் பலன் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஊசியும் டூலாவும் சேர்ந்தே இருந்தவர்கள்.

பதில் 2: மயக்கவியல் மருத்துவர், மதுரை

வணக்கம். மேலே சகோதரி எழுதியிருப்பதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவர் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

விளம்பரப் பலகைகளில் எழுதியிருக்கும் "வலியில்லாப் பிரசவம்" என்ற சொற்களை அப்படியே நம்பிக்கொண்டு வராதீர்கள். மருந்து செலுத்திய பிறகு வலி அடங்கச் சுமார் இருபது நிமிடம் ஆகும். அடங்கிய பிறகும் குழந்தை இறங்கும்போது அழுத்தம் தெரியும், தெரியவும் வேண்டும். பிரிட்டனில் மகப்பேறு மயக்கவியலாளர்கள் சங்கம் பெண்களுக்குத் தரும் தகவல் அட்டையில், எட்டில் ஒருவருக்கு எபிடியூரல் போதிய அளவு வேலை செய்யாமல் வலிக்கு வேறு வழியும் தேடவேண்டி வரும் என்றும், நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம் என்றும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஊசி இருக்கிறது, ஆள் வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது சரியல்ல என்பதே என் கருத்தும்.

ஆனால் ஆய்வுகளைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளீவ்லாந்து ஆய்வு ஒரு நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு. பிரசவத்தில் இடைவிடாத துணையைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடுவது) 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கியது. 2017இல் வெளிவந்த அதன் பதிப்பின்படி, துணையிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமாகவும், சிசேரியன் குறைவாகவும், பிரசவ அனுபவத்தைப் பற்றிய மனக்குறை குறைவாகவும் இருந்தன. அதே தொகுப்பாய்வின் முந்தைய பதிப்புகள், எபிடியூரல் வழக்கமாகக் கிடைக்காத இடங்களில்தான் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிகிறது என்று குறிப்பிட்டிருந்தன. எபிடியூரலோடு டூலாவின் பலன் மறைந்துவிடுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை, ஆனால் 58.8 என்ற எண் 12.5 ஆகிவிடும் என்று எதிர்பார்த்து யாரும் டூலாவை அமர்த்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மொத்தப் பிரசவங்களில் 44.9 சதவீதமும், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதமும் சிசேரியன். இதற்குப் பின்னால் உள்ள காரணங்களில் பல, பிரசவ அறைக்குள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒருவரால் மாற்றக்கூடியவை அல்ல.

எபிடியூரலால் சிசேரியன் கூடுகிறது என்ற பயமும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அதற்கு ஆதாரம் இல்லை. 2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆயுதப் பிரசவம் (இடுக்கியோ உறிஞ்சு கருவியோ கொண்டு குழந்தையை வெளியே எடுப்பது) கூடுவதாகப் பழைய ஆய்வுகள் காட்டின. மருந்தின் அளவு குறைக்கப்பட்ட பிறகு, 2005க்குப் பின் நடந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை.

டூலாக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். முக்கிக் குழந்தையை வெளித்தள்ளும் கட்டத்தில் நிமிர்ந்திருப்பதே எப்போதும் நல்லது என்று பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். குறைந்த அளவு மருந்துடன் எபிடியூரல் போட்ட முதல் பிரசவக்காரர்களிடம் பிரிட்டனில் நடந்து 2017இல் வெளிவந்த பம்ப்ஸ் ஆய்வு, 3,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு இதைச் சோதித்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தவர்களில் 41.1 சதவீதம் பேருக்குத் தானாகப் பிரசவமானது, நிமிர்ந்திருந்தவர்களில் 35.2 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே ஊசி இல்லாத பிரசவத்துக்குக் கற்ற பாடத்தை ஊசி போட்ட பிரசவத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் டூலாவுக்கு எபிடியூரல் பிரசவங்களில் பழக்கம் உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு வேண்டியது எல்லைகள் தெளிவாக இருப்பது. மருந்து பம்பைத் தொடுவது, செவிலியரைக் கேட்காமல் குடிக்கக் கொடுப்பது, ரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தில் எழுப்பி உட்காரவைப்பது ஆகியவை கூடாது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் குடிப்பதன் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அதே சமயம், உடல் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போயிருப்பதையும், மார்பில் கனமோ கையில் மரத்துப்போகும் உணர்வோ வருவதையும் உடனே எங்களுக்குச் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய உதவி.

அனுமதி பற்றி: 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தபோது, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் என்றே வரையறுத்தது, தனி மறைவு உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். உறவினர் அல்லாத டூலாவுக்கு அதில் இடமில்லை. தனியார் மருத்துவமனைகளில் இது அந்தந்த நிர்வாகத்தின் முடிவு. விரும்பும் துணையை உடன் வைத்துக்கொள்வதையும், கேட்கும் பெண்ணுக்கு எபிடியூரல் கொடுப்பதையும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஒரே ஆவணத்தில்தான் பரிந்துரைத்தது என்பதை நிர்வாகத்திடம் நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

பதில் 3: வாகைப்பூ, ஸ்கார்பரோ

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழ்பவள். என் மூத்த பிள்ளை பிறந்தபோது என்னோடு கணவரும் டூலாவும் இருந்தார்கள், எபிடியூரலும் போட்டேன். கடைசியில் சத்திரசிகிச்சையில்தான் முடிந்தது. அதனால் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் இடது கால் மரத்துவிட்டது. வலது பக்கம் இடுப்போரம் மட்டும் முன்பு போலவே வலித்துக்கொண்டிருந்தது. ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்று சொன்னால் தாங்கத் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு வலி வரும்போதும் நான் கட்டில் விரிப்பை வலது கையால் மட்டும் இறுக்கிப் பிடிப்பதை டூலாதான் கவனித்தார். "ஒரு பக்கம் நோகிறதா?" என்று கேட்டு, நான் தலையாட்டியதும் தாதியைக் கூப்பிட்டார். தாதி ஐஸ்கட்டியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, என்னை வலப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தார். வைத்தியர் வந்து குழாயைச் சற்று வெளியே இழுத்து மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. கணவர் என் தலைமாட்டிலேயே இருந்தார், ஆனால் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய குறை அல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்பது பழகியவருக்குத்தான் தெரியும்.

பிள்ளையின் இதயத் துடிப்பு குறைந்து, சத்திரசிகிச்சை என்று முடிவானபோது, உள்ளே ஒருவர்தான் வரலாம் என்றார்கள். கணவர் வந்தார். டூலா வெளியே இருந்து, வார்டுக்கு மாற்றியதும் வந்து, குளிரில் உடம்பு உதறிக்கொண்டிருந்த என் கையைத் தாங்கிப் பிடித்துப் பிள்ளையை மார்பில் சேர்த்துவிட்டார். டூலா இருந்ததால் சத்திரசிகிச்சை தவிர்க்கப்படவில்லை. ஆனால் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. எது ஏன் நடக்கிறது என்பதை எனக்கு விளங்கும்படி வைத்தியரிடம் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். இரண்டாவது பிள்ளைக்கும் எபிடியூரல் வேண்டும், டூலாவும் வேண்டும் என்று நான் யோசிக்காமல் முடிவெடுத்தது அதனால்தான்.

உங்கள் அம்மாவிடம் கோபிக்க வேண்டாம். என் அம்மாவும் அதையேதான் சொன்னார். பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு அம்மா இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை; பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, இரவில் பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னைப் படுக்கவிடுவது எல்லாம் அவர்தான். பிரசவ அறையில் மட்டும், மகள் நோவதைப் பார்த்து அழாத ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது.

காவிரிக்கரை, சென்னை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகலாம் என்பதைக் கேட்டுச் சற்று யோசித்தார். மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளரிடமும் பேசினேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான், ஆனால் முன்கூட்டியே இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தால் மாறி மாறி உள்ளே வரலாம் என்று சொல்லியிருக்கிறார். எந்த நேரத்தில் யார் உள்ளே இருப்பது நல்லது என்பதையும், டூலாவிடம் நான் எதையெல்லாம் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நொச்சி அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொச்சி, கோயம்புத்தூர்

மாறிக்கொள்ள அனுமதி கிடைத்ததே பெரிய விஷயம். அதை உங்கள் பதிவேட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் இரவுப் பணியில் இருப்பவருக்கு அது தெரியாமல் போகக்கூடும்.

மருந்து வைத்த ஆரம்ப மணி நேரங்களில் கணவர் இருக்கட்டும். அப்போது பேச்சும் சிரிப்பும்தான் தேவை. வலி நெருங்கி வரத் தொடங்கியது முதல், ஊசி போட்டு, இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்துவிட்டது என்று உறுதியாகும்வரை டூலா உள்ளே இருப்பது நல்லது. பிறகு நீங்கள் உறங்கும் நேரத்தில் கணவர் வரலாம். பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது எப்படி, பீனட் பந்தை எந்தக் காலுக்குக் கீழே வைப்பது என்பதை டூலா அவருக்கு முன்பே வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். பிள்ளை பிறக்கும் நேரத்தில் கணவர் அங்கே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் முக்குவதற்கு வழிகாட்டும் ஆள் வேண்டும் என்று அப்போது உங்களுக்குத் தோன்றினால் டூலாவைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். மருத்துவர் சொன்ன பம்ப்ஸ் ஆய்வைப் பற்றி டூலாவிடமும் பேசிவிடுங்கள். முக்கும்போது ஒருக்களித்துப் படுப்பதற்கு உங்கள் மகப்பேறு மருத்துவர் சம்மதிப்பாரா என்பதையும் அடுத்த பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்.

டூலாவிடம் முதலில் கேட்க வேண்டியது, எபிடியூரல் போட்டுக்கொள்ளும் உங்கள் முடிவை அவர் மனதார ஏற்கிறாரா என்பதைத்தான். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே" என்று வலியின் உச்சத்தில் சொல்லக்கூடியவர் என்று சிறிதளவு ஐயம் எழுந்தாலும் வேறொருவரைப் பாருங்கள். அதை ஒரு டூலாவாகவே சொல்கிறேன். அடுத்ததாக நேரக் கணக்கைப் பேசுங்கள். மருந்து வைக்கும் நாள் முதலே உடனிருப்பாரா, வலி வலுத்த பிறகுதான் வருவாரா, பிரசவம் ஒரு நாளைத் தாண்டினால் அவருக்குப் பதிலாக வரக்கூடியவர் யார், அந்தப் பதில் ஆளை முன்பே ஒருமுறை நேரில் பார்த்துப் பேச முடியுமா, சிசேரியன் ஆனால் வார்டுக்கு வந்து தாய்ப்பாலுக்கு உதவுவாரா, அதற்கும் சேர்த்துத்தான் கட்டணமா என்பவற்றை எல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வரும் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது, அந்தப் பதில் ஆளின் பெயரையும் டூலாவின் பெயருக்குப் பக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.